தொண்டமான்: பட்டமா, பெயரா, குடும்பப் பெயரா?

நோர்வூட் தேவி:
மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒப்படை கொடுத்திருக்கிறார்கள். ஊரில் உள்ள ஒரு பொது இடத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று எழுத வேண்டுமாம். எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது தொண்டமான் மைதானம்தான். இலங்கைத் தோட்டத் தொழிலாளர்களின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் ஐயாவின் பெயர் என்று எழுதிக் கொடுத்துவிடு என்றேன். அவன் விடுகிறான் இல்லை. “தொண்டைக்கும் மானுக்கும் என்னம்மா சம்பந்தம்?” என்கிறான். புதுக்கோட்டை ராஜாவும் தொண்டைமான், வடக்கே தொண்டைமானாறு, இங்கே தாத்தாவிலிருந்து கொள்ளுப்பேரன் வரை தொண்டமான். எல்லாரும் ஒரே வம்சமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம், பிள்ளை வாசிப்பான்.

கண்டி ரயில்:
கட்சிச் சண்டை இல்லாமல் தொண்டமான் பற்றி ஒரு இழையா? சரி, நடக்கட்டும்.

மஸ்கெலியா மாஸ்டர்:
தேவி, முதலில் அந்த மானைக் காட்டுக்கு விரட்டிவிடுவோம். இந்த ‘மான்’ மகன் என்பதன் சுருக்கம். பெருமகன் பெருமான் ஆனது போல, கோமகன் கோமான் ஆனது போல. அதியமான், சேரமான், மலையமான் எல்லாம் இதே கணக்குத்தான். தொண்டை என்பது தொண்டை நாடு, காஞ்சிபுரத்தைச் சுற்றிய பகுதி. அந்த நாட்டுத் தலைவன் தொண்டைமான். அதாவது சங்க காலத்தில் இது ஒரு ஆளின் பெயரே இல்லை, பதவியைச் சொல்லும் பெயர்.

நாட்டுக்கு அந்தப் பெயர் வந்தது தொண்டைக் கொடியால் என்பார்கள். கோவைக்கொடி என்று சொல்வதும் அதைத்தான். நம் வேலியில் படர்ந்து கிடக்குமே, சிங்களச் சனங்கள் கோவக்கா மல்லுங் செய்வார்களே, அதே இலை. மகனிடம் ஒரு கொடியைப் பிடுங்கிக் காட்டுங்கள், மறக்க மாட்டான்.

பெரும்பாணாற்றுப்படையின் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். அந்த நூலுக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். சோழ ராஜாவுக்கும் நாக கன்னிகைக்கும் பிறந்த பிள்ளையைத் தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விட்டார்களாம், திரை கொண்டுவந்து கரை சேர்த்ததால் அவன் திரையனாம். கதை கதைதான். ஆனால் பெயருக்குள் கொடியும் இருக்கிறது, கடலும் இருக்கிறது.

பதுளை பொன்னி:
மாஸ்டர், எங்கள் பக்கம் மே தின மேடையில் வேறு விளக்கம் கேட்டுத்தான் வளர்ந்தோம். தொண்டு செய்ததால் தொண்டமான் என்பார்கள். கைதட்டல் வானைப் பிளக்கும். அது பிழையா?

மஸ்கெலியா மாஸ்டர்:
மேடைக்கு அது சரி, பிள்ளை. ஒப்படைக்குச் சரிவராது. தொண்டு செய்பவன் தொண்டன். தொண்டைமானில் இருக்கும் ஐகாரம்தான் பேச்சில் தேய்ந்து அகரமாகிவிட்டது. வாழைமரத்தை வாழமரம் என்கிறோமே, அப்படி. இலங்கைப் பத்திரிகைகள் தேய்ந்த வடிவத்தைத்தான் அச்சிட்டு வருகின்றன. ஐகாரம் போனதும் தொண்டு வந்து உட்கார்ந்துகொண்டது. இன்னொன்று, பழந்தமிழில் தொண்டு என்றால் ஒன்பது. மேடைக்காரர்களுக்கு அது தெரியாமல் இருந்ததே நல்லது.

வடமராட்சியான்:
எங்கட பக்கத்து விசயம் வந்ததால எழுதுறன். தொண்டைமானாறு வல்வெட்டித்துறைக்குப் பக்கத்தில, செல்வச்சந்நிதி முருகன் கோவில் இருக்கிற இடம். கருணாகரத் தொண்டைமான் எண்டவர் வந்து உப்புக்காக அந்த ஆத்தை வெட்டுவிச்சார் எண்டு ஊரில வழிவழியாச் சொல்லுவினம். கலிங்கத்துப்பரணியில வாற அதே கருணாகரன், முதலாம் குலோத்துங்க சோழன்ர படைத்தலைவன். வம்சம் கிம்சம் எண்டு ஒண்டும் இல்லை, ஊருக்குப் பேர் மட்டும்தான் மிச்சம். ஆனா ஒண்டு. மாஸ்டர் சொன்ன நாக கன்னிகைக் கதையில நாகநாடு எங்கட பக்கம் எண்டுதான் நாங்கள் சொல்லுவம். அப்ப முதல் தொண்டைமானுக்கு நாங்கள்தான் தாய்மாமன்.

கண்டி ரயில்:
சீர் எடுத்துக்கொண்டு வாங்க மாமா, காது குத்து இருக்கிறது.

கோத்தகிரிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் பிறந்தது புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அப்பா பதிந்து, ராமானுஜம் கப்பலில் வந்தவர்கள் நாங்கள். எங்கள் பாட்டனுக்குப் பூர்வீகம் புதுக்கோட்டைச் சீமை. அதனால் இந்த இழையைப் பார்த்ததும் சும்மா போக முடியவில்லை.

புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் ராஜ்யம் அமைத்தவர்கள். ராமநாதபுரம் கிழவன் சேதுபதியின் மைத்துனர் ரகுநாதராயத் தொண்டைமானிலிருந்து கணக்கு தொடங்குகிறது. காஞ்சிபுரத்துக்கும் அவர்களுக்கும் இடையில் எத்தனையோ நூற்றாண்டு. அதற்குள் தொண்டைமான் என்பது நாட்டை விட்டுக் கழன்று ஒரு பட்டமாகிவிட்டது. கள்ளர் சமூகத்தில் சேர்வை, மழவராயர், வாண்டையார் என்று பட்டப்பெயர்கள் வரிசையாக உண்டு, அதில் தொண்டைமானும் ஒன்று. அவர்களுக்கெல்லாம் காஞ்சிபுரத்தில் காணி நிலம் எதுவும் கிடையாது. 1799இல் கட்டபொம்மனைப் பிடித்து வெள்ளைக்காரனிடம் கொடுத்தவரும் ஒரு தொண்டைமான்தான். அதனால் தெற்கே போனால் இந்தப் பெயரைச் சொல்லும்போது சிலர் முகம் சுளிப்பார்கள்.

பாட்டன் காலத்து ஆட்களுக்கு ‘தொண்டைமான்’ என்றால் அம்மன் காசு அடித்த ராஜா. தோட்டத்தில் அதே பெயரில் ஒரு தலைவர் வந்து நின்றபோது அந்தக் கிழவர்கள் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தலைவர் பிறந்ததும் அந்தப் பக்கத்துச் சீமையில்தான். இன்றைய சிவகங்கை மாவட்டத்து முனப்புதூர், 1913. பெயரே பாதி வேலையைச் செய்திருக்கும் என்பது என் எண்ணம்.

அப்புறம் இதையும் பாருங்கள். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது 1948 மார்ச்சில். அதே வருஷம் இலங்கையில் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எங்கள் ஆட்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். ஒரு பக்கம் ராஜாவுக்கு ராஜ்யம் இல்லை, இன்னொரு பக்கம் குடிக்கு நாடு இல்லை.

மாத்தளை சிவா:
எல்லாரும் பெயரின் பொருளையே தோண்டுகிறீர்கள். தேவி அக்கா கேட்டது குடும்பப் பெயரா என்று. அதற்குப் பதில் பொருளில் இல்லை, இனிஷியலில் இருக்கிறது.

1947இல் நுவரெலியாத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனவரைப் பத்திரிகைகள் எப்படி எழுதின? ‘எஸ். தொண்டமான்’. இப்போது கேட்கிறேன், அந்த எஸ் யார்? நம் வழக்கப்படி இனிஷியல் என்றால் தகப்பன் பெயர். அவருடைய தகப்பனார் கருப்பையா. இறம்பொடையில் வேவண்டன் தோட்டம் வாங்கியவர். அந்தக் கணக்கில் ‘கே’ அல்லவா வர வேண்டும்? வந்தது எஸ். அதாவது சௌமியமூர்த்தி, அவருடைய சொந்தப் பெயர். சொந்தப் பெயர் ஓரெழுத்தாகச் சுருங்கி, பின்னால் உள்ளது முழுசாக நிற்கிறது என்றால் அது வெள்ளைக்காரன் முறை. அங்கேயே தொண்டமான் குடும்பப் பெயராகிவிட்டது. பேரன் ஆறுமுகன் தொண்டமான், அவர் மகன் ஜீவன் தொண்டமான், 2023இல் கிழக்கு மாகாண ஆளுநராக வந்த செந்தில் தொண்டமான் எல்லாம் அதன் தொடர்ச்சி.

நம் சனத்தில் இப்படி நாலு தலைமுறைக்கு ஒரே பெயர் இறங்குவது வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். எனக்கு என் தாத்தாவின் அப்பா பெயரே தெரியாது.

மஸ்கெலியா மாஸ்டர்:
சிவா நல்ல இடத்தைப் பிடித்தார். இதற்கு எதிர்மாறான ஒன்று திருநெல்வேலியில் இருக்கிறது. எழுத்தாளர் தொ.மு.சி. ரகுநாதன் தெரியும்தானே. அந்தத் ‘தொ’ தொண்டைமான்தான். அவருடைய அண்ணன் தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் கோயில் கோயிலாகப் போய் எழுதியவர். அண்ணன் அதை இனிஷியலிலும் வைத்தார், வாலிலும் வைத்தார். தம்பி வாலை வெட்டிவிட்டு ஓரெழுத்தில் ஒளித்துவைத்தார். ஒரே வீடு, ஒரே பெயர். இடதுசாரிக்கு வால் உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன், அது என் ஊகம்.

இதிலிருந்தே தேவியின் மற்றக் கேள்விக்கும் பதில் வந்துவிடுகிறது. நெல்லையில் ஒரு தொண்டைமான், புதுக்கோட்டையில் ஒரு தொண்டைமான், இறம்பொடையில் ஒரு தொண்டமான் என்றால் ஒரே ரத்தம் என்று ஆகாது. பட்டம் பல வீட்டுக்கு வரும்.

பதுளை பொன்னி:
சிவா அண்ணா சொன்னதைப் படித்ததும் எங்கள் வகுப்பு இடாப்பு ஞாபகம் வந்தது. பக்கத்துச் சிங்களப் பிள்ளைகளுக்கு ஆர்.எம்., டீ.எம்., எச்.எம். என்று முன்னால் இரண்டு எழுத்து கட்டாயம் இருக்கும். ரத்நாயக்க முதியன்சேலாகே, திசாநாயக்க முதியன்சேலாகே, ஹேரத் முதியன்சேலாகே. கண்டி ராஜா காலத்துப் பட்டத்தை இன்னும் சுமந்துகொண்டு வருகிறார்கள். எங்களுக்கு ஒரே ஒரு எழுத்து. அதுவும் அப்பாவோடு வந்து அப்பாவோடு போய்விடும். கலியாணம் முடித்தால் அந்த எழுத்தும் மாறும்.

தோட்டத்தில் ‘பேர்’ என்றாலே அர்த்தம் வேறு. எங்கள் அம்மா மலையிலிருந்து இறங்கி வந்து “இன்னைக்கி அரைப்பேருதான் போட்டாக” என்பார். கொழுந்து குறைந்தால் அரைநாள் சம்பளம், அதுதான் அரைப்பேர். தோட்டத்து வரவுப் பதிவேடான செக்ரோலில் முழுப்பேர் விழுவதா அரைப்பேர் விழுவதா என்பதே கவலை. பரம்பரைப் பேருக்கு யார் போனார்கள்.

நோர்வூட் தேவி:
பொன்னி, எங்கள் வீட்டிலும் அதே பேச்சுத்தான். மாமியாருக்கு இன்றைக்கும் வெளியூர்க்காரர் பேர் கேட்டால் செக்ரோல் நம்பரைச் சொல்லத்தான் வாய் வரும்.

கண்டி ரயில்:
சிவாவுக்கு ஒரு கேள்வி. அரசியல்வாதிகள் மனோ கணேசன், பிரபா கணேசன். இதுவும் குடும்பப் பெயர்தானே?

மாத்தளை சிவா:
இல்லை தம்பி. அது அப்பா வி.பி. கணேசனின் சொந்தப் பெயர். முன்னால் ஓரெழுத்தாக நிற்க வேண்டியது பின்னால் முழுசாக நிற்கிறது, அவ்வளவுதான். அடுத்த தலைமுறைக்கும் அதே கணேசன் இறங்கினால் அப்போது பேசுவோம். முத்தையா முரளிதரனைப் பாருங்கள். முத்தையா அவருடைய அப்பா, அவர் முரளிதரன். ஆனால் உலகத்துக்குத் தலைகீழ். முதல் பெயர் முத்தையா, குடும்பப் பெயர் முரளிதரன் என்று எண்ணூறு விக்கெட்டையும் அப்படியே எழுதி வைத்துவிட்டார்கள். தற்செயலாக அவருக்கு வசதியாகவே முடிந்தது, ஸ்கோர் பலகையில் வந்தது அவர் பெயர், அப்பா பெயர் இல்லை.

தொண்டமான் அப்படி இல்லை. அது யாருக்கும் சொந்தப் பெயராக வைத்தது இல்லை. அப்பா பெயரும் இல்லை, தாத்தா பெயரும் இல்லை. முழுக்க முழுக்க வீட்டுப் பெயர்.

கோத்தகிரிக்காரன்:
வீட்டுப் பெயர் என்று மட்டும் சொன்னால் பாதிதான் சிவா. தோட்டத்தில் அது சங்கத்தின் பெயராகவும் இருந்தது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று யார் முழுசாகச் சொன்னார்கள்? ‘தொண்டமான் சங்கம்’. மற்றது ‘அசீஸ் சங்கம்’. பிறகு ‘வெள்ளையன் சங்கம்’. கலியாணப் பேச்சு வந்தால்கூடப் பையன் வீடு எந்தச் சங்கம் என்று விசாரிப்பார்கள். அசீஸ், வெள்ளையன் என்ற பெயர்கள் அந்தத் தலைவர்களோடு நின்றுவிட்டன. தொண்டமான் நிற்கவில்லை. சந்தா கட்டுகிறவன் வாயில் புழங்கிப் புழங்கி ஆளை விட்டுத் தனியாக நடக்கத் தொடங்கிவிட்டது. சங்கத்தின் சேவல் சின்னம் போல அதுவும் ஒரு சின்னம்.

மஸ்கெலியா மாஸ்டர்:
விருப்பு வாக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொகுதி முறை போய் மாவட்டத்துக்கு ஒரே பட்டியல் வந்தபின், வாக்குச்சீட்டில் கட்சிக்கு ஒரு புள்ளடி, ஆட்களுக்கு இலக்கம். வேட்பாளர் பெயரே சீட்டில் இருக்காது. ஒரு கட்சிக்குள்ளேயே பத்துப் பேர் இலக்கத்துக்கு அலையும்போது, சுவரொட்டியில் பெரிய எழுத்தில் தொண்டமான் என்று இருந்தால் அதற்குத் தனி மதிப்பு. குடும்பப் பெயர் இல்லாத சனத்தில் ஒரு குடும்பப் பெயர் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கண்டி ரயில்:
நான் சொன்னேனே. வந்துவிட்டது தேர்தல்.

பதுளை பொன்னி:
மாஸ்டர் சொல்வது எழுத்தில் சரி, பேச்சில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். யாராவது ஜீவன் தொண்டமானை வெறும் ‘தொண்டமான்’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் ‘ஜீவன்’. பெரியவர்கள் ‘ஜீவன் தம்பி’. அவருடைய அப்பா ‘ஆறுமுகன்’. மொட்டையாகத் ‘தொண்டமான்’ என்றால் 1999இல் இறந்த பெரியவர் மட்டும்தான், அவருக்கும் பாசமாகத் ‘தொண்டா’, ‘ஐயா’. 2020 மே மாதம் ஊரடங்குக்குள் ஆறுமுகனின் இறுதிச் சடங்கு நோர்வூட்டில் நடந்ததே, அன்றைக்கு லயத்து வீடுகளில் அழுத பாட்டிமார் எல்லாம் “ஆறுமுகம் போயிட்டானே” என்றுதான் அழுதார்கள். ஒருத்தி வாயிலும் தொண்டமான் வரவில்லை.

ஆங்கிலப் பத்திரிகையும் சிங்கள ரூபவாஹினியும் மூன்று பேரையும் ‘தொண்டமன்’ என்றே சொல்லும், யாரைச் சொல்கிறார்கள் என்று புரிய நாம் படத்தைப் பார்க்க வேண்டும். குடும்பப் பெயர் காகிதத்தில் வாழ்கிறது, நம் சனத்தின் வாய்க்கு இன்னும் வரவில்லை.

மாத்தளை சிவா:
பொன்னி, இதை மறுக்க முடியாது. மேடையில் முழுப் பெயர், அடுப்படியில் சொந்தப் பெயர்.

வடமராட்சியான்:
எங்கட பக்கமும் அதுதான் தங்கச்சி. எங்கட தலைவர் செல்வநாயகத்தைத் ‘தந்தை செல்வா’ எண்டுவம். எஸ்.ஜே.வி. எண்ட மூண்டு எழுத்து கடதாசிக்கு.

நோர்வூட் தேவி:
எல்லாருக்கும் நன்றி. மகன் இரண்டு பக்கம் எழுதிவிட்டான். ஒரு சந்தேகம். மைதானத்தின் பெயரை எழுதும்போது ஐகாரம் போட்டுத் ‘தொண்டைமான்’ என்று எழுதவா? இலக்கணப்படி அதுதான் சரி என்று பக்கத்து வீட்டு டீச்சர் சொல்கிறார்.

மஸ்கெலியா மாஸ்டர்:
வேண்டாம். ஆளின் பெயரை ஆள் எழுதியபடி எழுத வேண்டும். புதுக்கோட்டை ராஜாவுக்கும் இளந்திரையனுக்கும் ஐகாரம் போடச் சொல்லுங்கள். நம்மவருக்குத் தொண்டமான். ஔவையார் தொண்டைமானிடம் தூது போன கதையையும் மகனுக்குச் சொல்லுங்கள், புறநானூற்றில் இருக்கிறது. உன் ஆயுதங்கள் எல்லாம் மயிற்பீலி கட்டி நெய் பூசிப் பளபளவென்று இருக்கின்றன, அதியமானுடைய ஆயுதங்கள் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று புகழ்வது போல் குத்திவிட்டு வந்தாள் கிழவி. ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு அது பிடிக்கும்.

கோத்தகிரிக்காரன்:
என் பக்கத்து அனுபவம் ஒன்று. மகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பெயர்க் கட்டத்தில் என்ன எழுதுவது என்று வீட்டில் பெரிய பஞ்சாயத்து. என்னுடையதில் என் அப்பா பெயர், மகளுடையதில் என் பெயர், மனைவியுடையதில் மாமனார் பெயர். மூன்று பேரும் ஒரே வீடு என்று வெளிநாட்டுக் கவுண்டரில் நம்ப மாட்டேன் என்கிறான். அங்கே உங்களுக்கும் இதே கதையா?

பதுளை பொன்னி:
அதே கதைதான் அண்ணா. வெளிநாட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதனால் படாத பாடு. பிறப்புப் பத்திரத்தில் சிங்கள எழுத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் இன்னொரு மாதிரி. என் சித்தி மகனுக்கு அப்பா பெயர் இரண்டு துண்டாக உடைந்து ‘கருப்பு’ தனியாகவும் ‘ஐயா’ தனியாகவும் வந்துவிட்டது. ஏஜென்சிக்காரன் அவனைப் போன் பண்ணி “மிஸ்டர் ஐயா” என்று கூப்பிடுகிறான்.

கண்டி ரயில்:
அவனுக்கென்ன குறை. இந்த நாட்டில் ஐயா ஆக எத்தனை பேர் எவ்வளவு செலவழிக்கிறார்கள்.

மாத்தளை சிவா:
பொன்னி, சிரிக்காமல் ஒன்று செய்யச் சொல்லுங்கள். பிறப்புப் பத்திரத்தில் இருப்பதுதான் அடி. அதில் பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் பதிவாளரிடம் திருத்தத்துக்கு முதலில் விண்ணப்பிக்க வேண்டும், அடையாள அட்டையும் பாஸ்போர்ட்டும் அதற்குப் பிறகு. பழைய பள்ளிக்கூடச் சான்றிதழ், அப்பாவின் கலியாணப் பத்திரம் எல்லாம் கையோடு கொண்டு போகட்டும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அப்பாவின் பத்திரத்திலேயே பெயர் வேறு மாதிரி இருக்கும், அதையும் இப்போதே பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.